பூசணிக்காய்க்குக் காவல்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. வாயைத் திறந்து சொல்லப் போவதில்லை, மனசுக்குள்ளேதான் சொல்லப் போகிறேன். எட்ட உட்கார்ந்தால் எப்படிக் கேட்பீர்கள்? மணி அடித்துவிட்டார்கள், இனிமேல் இந்த ஏரிக்கரையில் ஒருத்தரும் தும்மக்கூடக் கூடாது. சவுண்டுக்காரர் காதில் இரண்டு டப்பாவை மாட்டிக்கொண்டு, ரோமம் முளைத்த மைக்கை ஒரு நீளக் கம்பில் கட்டி, தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிறார். பறவைச் சத்தம் பிடிக்கிறாராம். நாரை அலகைத் தட்டுகிறதை, குஞ்சுகள் தீனிக்குக் கத்துகிறதை, நீர்க்காக்கா தொண்டையை உருட்டுகிறதை, எல்லாவற்றையும் படத்தில் சொர்க்கம் வருகிற இடத்தில் போடப் பிடிக்கிறார். பிடித்து முடித்ததும் அந்த மரங்களுக்குப் பின்னால் காய்ந்து கிடக்கிற கோரையைக் கொளுத்தப் போகிறார்கள். கொளுத்துகிறதுக்கு முன்னாடி குரலை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், பார்த்தீர்களா. மரங்களுக்கு நடுவில் ஒரு பெண்ணைக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். கயிற்றால் இல்லை, முடியால். அவளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் என் காலடியில் இருக்கிறதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கிழவி எதற்குக் காலை நீட்டி இப்படி முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பீர்கள். வெண்பூசணிக்காய். ஏழெட்டுக் கிலோ இருக்கும். சாம்பல் பூத்து, மேலே ஒரு சந்தனப் பொட்டு. பக்கத்தில் தட்டில் கற்பூரம், தீப்பெட்டி, குங்குமம். படப்பிடிப்பு கடைசி நாளில், கடைசி ஷாட் முடிந்ததும் கற்பூரம் ஏற்றி, கேமராவுக்குச் சுற்றி, போட்டு உடைப்பார்கள். உடைந்தால் எல்லாரும் கை தட்ட வேண்டும். அதோடு படம் முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் கேமராவைத் தொட மாட்டார்கள், அதிலும் இந்தப் படத்து முதலாளி தணிகாசலம் சாகிறவரைக்கும் தொட மாட்டார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் எடுத்த ஒரு படத்தில், காய் உடைத்த பிறகு ஒரு கோயில் மணியை மட்டும் தனியாக எடுத்தார்களாம். அந்தப் படம் இன்றுவரைக்கும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. இன்று காலையில் அவரே கையில் தூக்கிக்கொண்டு வந்தார். "வேதம்மா, நீங்க கைராசிக்காரங்க. இது உருண்டு கிருண்டு போயிடாம பாத்துக்குங்க" என்றார். ஏரிக்கரை சரிவு. அதனால்தான் கால்.

நான் வேதவல்லி. வடபழனியில் வேதக்கா என்றால் தெரியும். நாற்பத்தொரு வருஷமாகத் துணை நடிகை. கூட்டத்தில் நாலாவது வரிசையில் குடத்தோடு நிற்கிறவள், ராஜா வந்தால் பூத் தூவுகிறவள், சாவு வந்தால் மாரில் அடித்துக்கொள்கிறவள். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி, ஆனால் காது நல்ல காது. அதனால் டப்பிங்கிலும் கூப்பிடுவார்கள், கூட்டத்துக் குரலுக்கு, முக்கியமாக அலறலுக்கு. நாற்பது கதாநாயகிகளாவது என் தொண்டையால் அலறியிருப்பார்கள். ஆற்றில் விழுகிறபோது, வில்லன் கதவைச் சாத்துகிறபோது. அது இருக்கட்டும். மரத்துக்கு நடுவில் நிற்கிறவள் எழிலரசி. வியாசர்பாடிப் பெண், இருபத்து நாலு வயசு, இந்தப் படத்துக் கதாநாயகிக்கு டூப்பு. கதாநாயகி முந்தாநாளே விமானம் ஏறிவிட்டது, நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது அதன் ஒப்பந்தத்தில் இல்லையாம். எழிலுக்கு ஒப்பந்தமே இல்லை. டைரக்டர் நிரஞ்சன் தம்பி சொன்னார், பெண்ணும் மரமும் ஒன்றாகத் தெரிய வேண்டும், பெண் எங்கே முடிகிறாள் மரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்க்கிறவனுக்குப் பிடிபடக் கூடாது என்று. சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டார், அழகாகத்தான் சொன்னார். அதைச் செய்து கொடுக்க வேண்டியவள் லூர்து. லூர்துமேரி, ராயபுரம், ஹேர் டிரஸ்ஸர், முப்பத்திரண்டு வருஷமாக என் சிநேகிதி, எங்கள் கூட்டத்திலேயே கெட்டிக்காரி. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து எழில் தலையில் சவுரி மேல் சவுரியாக வைத்துப் பின்னி, ஊசி குத்தி, ஒவ்வொரு கற்றையையும் ஒவ்வொரு கிளைக்குக் கொண்டுபோய்க் கட்டினாள். பத்துக் கிளை. கருவேல முள்ளில் அவள் விரலெல்லாம் ரத்தம். யார் தலை முடி அது, சொல்லுங்கள்? ஏதோ ஒரு தாய் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கினால் தருகிறேன் என்று மலையேறிப் போய் மொட்டை போட்டுக் கொடுத்த முடி. சாமிக்குக் கொடுத்தது சவுரியாகி, சவுரி சினிமாவுக்கு வந்து, இப்போது முள் மரத்தில் கட்டிக் கிடக்கிறது. கட்டும்போது எழில் சிரித்தாளாம், "அக்கா, தூளி கட்டுற மாதிரி கட்டுறீங்களே" என்று. லூர்து சிரிக்கவில்லை. என்னிடம் வந்து, "வேதா, அவ தலையைத் திருப்பவே முடியாதுடி. பின்னாடி என்ன நடந்தாலும் அவளுக்குத் தெரியாது" என்றாள்.

படத்துக் கதை என்னவென்றால், பெண்கள் மட்டும் இருக்கிற ஒரு தேசம். ஏரிக்கு நடுவில். ராஜா கிடையாது, வேலி கிடையாது, மீன் எல்லாருக்கும், தண்ணீர் எல்லாருக்கும். கேட்டபோது எனக்கே ஆசையாக இருந்தது. நூறு பேர் நாங்கள் அந்தத் தேசத்துக் குடிகள். பச்சைச் சேலை, தலையில் இலை. முதல் நாள் நான் கேட்டேன், "ஏன் தம்பி, இந்தத் தேசத்துல சோறு யார் ஆக்குவா? பாத்திரம் யார் கழுவுவா?" டைரக்டர் சிரித்தார், "யம்மா, இது உடோப்பியா" என்றார். எனக்கு அந்தப் பேரு நாக்கில் நிற்கவில்லை. சொர்க்கம் என்று அர்த்தமாம். நாற்பத்தொரு வருஷத்தில் எத்தனை சொர்க்கம் பார்த்துவிட்டேன். எல்லாச் சொர்க்கத்திலும் அருவி உண்டு, எல்லா அருவிக்குக் கீழேயும் பொம்பளை நனைந்துகொண்டு நிற்பாள், ஒருத்திக்கும் சளி பிடிக்காது, ஒருத்திக்கும் மூட்டு வலிக்காது, நாலாவது வரிசைக்குப் பின்னால் கழிப்பறை இருக்காது. இங்கேயும் இல்லைதான். அதை லூர்து எப்படி வாங்கினாள் தெரியுமா? டைரக்டர் ஒதுங்குகிற புதர் எதுவென்று பார்த்து வைத்துக்கொண்டாள். மறுநாள் அவருக்குத் தலை வாருகிற சாக்கில், "சார், அந்தப் புதர்ல கண்ணாடி விரியன் ஜோடியாக் கிடக்கு, ஊர்க்காரங்க சொன்னாங்க" என்றாள். சாயங்காலத்துக்குள் இரண்டு கழிப்பறை வண்டி வந்து நின்றது. கெட்டிக்காரி. சரி, கதைக்கு வருகிறேன். அந்தத் தேசத்துக்கு ஒரு ஆண் படகில் வருகிறான். கதாநாயகி அவனைப் பார்க்கிறாள், அவன் ஏரியைப் பார்க்கிறான், பாட்டு வருகிறது, ஏரியே நீ பெண், பெண்ணே நீ ஏரி, அள்ளிக் குடிக்கட்டுமா என்கிறான். அள்ளிக் குடித்த பிறகு தேசம் எரிகிறது. எரிந்தால்தான் அவன் காப்பாற்ற முடியும். இந்த ஊர்ப் பெண்கள் கோரை அறுத்துப் பாய் நெய்கிறவர்கள். ஏரியைச் சுற்றிக் கயிறு கட்டி மூன்று வாரம் ஆகிறது, கயிற்றுக்கு அந்தப் பக்கம் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். பெண்கள் தேசத்துக்குள் அவர்களுக்கு இடம் இல்லை. நடிக்கத் தெரியாதாம்.

காற்று வலது கன்னத்தில் படுகிறது. இன்னும் வலது கன்னத்தில்தான். நான் ஏரியைப் பார்த்து, தெற்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். வலது கன்னம் என்றால் மேற்கேயிருந்து வருகிற மேல்காற்று. நெருப்பு வைக்கப் போகிற கோரை எழிலுக்குக் கிழக்கே இருக்கிறது, கேமரா அவளுக்கு மேற்கே தண்ணீரில் மேடை போட்டு நிற்கிறது. மேல்காற்று இருக்கிறவரைக்கும் நெருப்பு கிழக்கே பார்த்து, எழிலை விட்டு விலகித்தான் ஓடும். கபூர் பாய் அப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். நெருப்பு வேலைக்கு அவர்தான், கோரைக்கு நடுவில் கேஸ் குழாய் போட்டு, அதைத் திறக்கிற திருகைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நல்ல மனுஷன். நோன்பு நாளில்கூட மற்றவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார். பகல் பன்னிரண்டு மணிக்கே வைத்திருந்தால் ஒரு பயமும் இல்லை. ஆனால் டைரக்டருக்கு வெயில் மஞ்சளாக வேண்டும். மஞ்சள் வெயில் ஐந்து மணிக்குத்தான் வரும். கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கோரை அறுக்கிற ஒரு பாய்க்காரம்மா லூர்துவிடம் சொன்னாள், "நாலு நாலரைக்குக் கடல்காத்து ஏறிடும்மா. ஏறிச்சுன்னா கோரையெல்லாம் இப்படி மேக்கால படுக்கும்." கையைச் சாய்த்துக் காட்டினாள். மேற்கே என்றால் எழில். நானும் அந்தக் கையைப் பார்த்தேன். அதிலிருந்துதான் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், பல்வலிக்காரி நாக்கால் பல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. லூர்து நேரே டைரக்டரிடம் போய்ச் சொன்னாள். "மேரிம்மா, கழுத்துக்கு மேல உங்க வேலை. மத்ததெல்லாம் என் வேலை" என்றார். "குஞ்சு இன்னும் பறக்கலை சார், கூடு நெறைய இருக்கு" என்றாள். "பறவைய கிராஃபிக்ஸ்ல சேத்துக்கலாம்மா." அப்போது அவள் கேட்டாள், "எழிலையும் கிராஃபிக்ஸ்ல சேத்துக்குவீங்களா சார்?" சுற்றி நின்ற லைட்காரர்கள் களுக்கென்று சிரித்தார்கள். டைரக்டர் முகம் சிவந்துபோய், ஒரே டேக், அரை நிமிஷம், அவ்வளவுதான் என்றார். நான் கபூர் பாயைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். கோரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "காத்து திரும்பலைன்னா ஒண்ணுமில்லம்மா" என்றார். காற்று திரும்பவில்லை என்றால். அந்த வார்த்தையைத்தான் அதிலிருந்து மென்றுகொண்டிருக்கிறேன்.

அரை நிமிஷம் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். ராஜாமணிக்கு அரை நிமிஷம்கூட இல்லை. வேண்டாம், ராஜாமணி வேண்டாம், அவளை நினைத்தால் வரிசையாக எல்லாம் வரும். வந்துவிட்டது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயசு. ஒரு ஸ்டுடியோவில் அரண்மனை செட்டு, நாங்கள் பன்னிரண்டு பேர் தீபத் தட்டு வைத்துக்கொண்டு ஆட வேண்டும், நைலக்ஸ் சேலை. ராஜாமணி எனக்கு முன்னால். அவள் முந்தானை நுனி பின்னால் பறந்து விளக்கில் பட்டது. பட்டதை முதலில் பார்த்தது நான்தான். சின்னதாக, ஒரு பொட்டு மாதிரி, நீலமாக. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கட் சொல்லவில்லை. கட் சொல்கிறதுக்கு முன்னால் வாயைத் திறந்தவளை மறுநாள் ஏஜெண்ட் கூப்பிட மாட்டான். மூடிக்கொண்டேன். இரண்டு அடி ஆடினேன், சிரித்துக்கொண்டு. மூன்றாவது அடியில் அவள் முதுகெல்லாம் நெருப்பு. பிழைத்தாள், பிழைத்தாள், ஆனால் அதற்குப் பிறகு அவளை ஒருத்தரும் கூப்பிடவில்லை, அவளும் யாரையும் கூப்பிடவில்லை. என்னைக்கூட. ஆறு மாசம் கழித்து அதே படத்துக்கு டப்பிங். திரையில் அவள் எரிகிறாள். அதை வெட்டாமல் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவு இயற்கையாக வந்திருக்கிறதாம். அந்த இடத்துக்கு அலறல் வேண்டும். என்னை நிறுத்தினார்கள். அலறினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், "கொஞ்சம் இனிமையா அலறுங்கம்மா, காதைக் குத்துது" என்றது. இனிமையாக அலறினேன். நான் சொல்ல வந்தது என்னவென்றால், அலற வேண்டிய அன்றைக்கு அலறாமல், அலறினால் காசு தருகிற அன்றைக்கு அலறினவள் நான். லூர்துவுக்குக்கூட இது முழுசாகத் தெரியாது. இப்போது நீங்கள் கிட்ட உட்கார்ந்திருப்பதால் சொன்னேன்.

இந்தப் பக்கம் தலையைத் திருப்பி நல்லதாக ஏதாவது நினைக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை. ஜெனரேட்டர் படுத்துவிட்டது. ஆண்களெல்லாம் அதைச் சுற்றி நின்று அதன் வயிற்றைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், பிறகு சாமான் வாங்க வண்டி ஏறி டவுனுக்கே போய்விட்டார்கள், முதலாளி கூடாரத்தில் தூங்கிவிட்டார். ஏரிக்குள்ளே நாங்கள் நூறு பேர் மட்டும், இலைக் கிரீடம் வைத்துக்கொண்டு. முதலில் எழில்தான் இறங்கினாள். "யக்கா, யாரும் பாக்கல, வாங்க!" பிறகு ஒவ்வொருத்தியாக. எனக்கு நீச்சல் தெரியாது. அறுபத்தொன்பது வயசு, முட்டி இரண்டும் போய்விட்டது, சேலையை முடிந்துகொண்டு மார்பளவு தண்ணீரில் போய் நின்றேன். தண்ணீர் மேலே சூடு, இடுப்புக்குக் கீழே சில்லென்று. காலுக்கடியில் சேறு விரலிடுக்கில் ஏறிற்று, ஒரு மீன் தொடையைத் தொட்டுவிட்டுப் போயிற்று. உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. வெட்கமாக இருந்தது, அப்புறம் எதற்கு வெட்கம், யாருக்கு முன்னால் என்று தோன்றியது. நாற்பத்தொரு வருஷமாக எத்தனை தண்ணீரில் நனைந்திருக்கிறேன், ஒன்றிலாவது எனக்காக நனைந்தேனா? கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற பாய்க்காரம்மாக்கள் நாலு பேர் கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே வந்தார்கள். ஒருத்தி குழம்புச் சட்டியோடு வந்தாள். ஏரி விரால். சோறு எங்களிடம் இருந்தது. கரையிலே உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி முதுகு தேய்த்துவிட்டு, உருட்டி உருட்டிச் சாப்பிட்டு, சட்டியை நானும் லூர்துவும் கழுவினோம். கழுவும்போது, "பாத்தியா லூர்து, பாத்திரம் கழுவுற சொர்க்கம்" என்றேன். "இதை எவன்டி எடுப்பான்? இதுல கேமரா வைக்க இடமே இல்லையே" என்றாள். இரண்டு மணி நேரம் இருக்கும். அப்புறம் வண்டிச் சத்தம் கேட்டது. எல்லாரும் ஓடிப்போய் இலையைத் தலையில் வைத்துக்கொண்டோம்.

காற்று நின்றுவிட்டது. எப்போது நின்றது? சட்டியை நினைத்துக்கொண்டிருந்துவிட்டேனே. வலது கன்னத்தில் ஒன்றும் இல்லை. இடது கன்னத்திலும் ஒன்றும் இல்லை. கோரை நேராக நிற்கிறது, படம் எடுத்த மாதிரி. இப்படி நிற்கிறது நல்லதா கெட்டதா? சவுண்டுக்காரர் கம்பைக் கீழே இறக்கிவிட்டார். பறவை வேலை முடிந்தது. "லைட் வருது, லைட் வருது" என்று டைரக்டர் கத்துகிறார், அவர் சட்டையே மஞ்சளாகிவிட்டது. எல்லாரும் பரபரக்கிறார்கள். எங்கள் வேலை காலையிலேயே முடிந்துவிட்டது, நூறு பேரும் பையைக் கட்டி வைத்துக்கொண்டு கரையில் வரிசையாக உட்கார்ந்து, ஒரு கண் ஏரியில், ஒரு கண் என் பூசணிக்காயில். "எப்ப வேதக்கா உடைப்பாங்க? எட்டு மணி ரயிலைப் பிடிக்கணும்" என்கிறாள் ஒருத்தி. பக்கத்தில் போன உதவி டைரக்டர் கையைப் பிடிக்கிறேன். "தம்பி, காத்து நின்னுடுச்சு, ஒரு நிமிஷம் முதலாளிகிட்ட சொல்லுப்பா." "யம்மா, நீங்க காய்க்குத்தானே காவல்? காயைப் பாருங்க." போய்விட்டான். இங்கேயிருந்தே கத்தலாம், கத்தினால் எழிலுக்குக் கேட்கும், கேட்டு என்ன செய்வாள், தலையைத் திருப்ப முடியாதே. அவளிடம் மத்தியானமே சொல்லிப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடு, பயமாக இருக்கிறது என்று சொல்லிவிடு. "அக்கா, மூஞ்சி தெரியாதுன்னாங்க. ஆனா நெருப்பு எரியுறப்போ கண்ணு மட்டும் தெரியுமாம். என் கண்ணு அக்கா. தியேட்டர்ல எங்கம்மாவுக்குத் தெரியும், அது என் கண்ணுன்னு." நாலாவது வரிசையில் நின்றுகொண்டு நானும் அதற்குத்தானே ஆசைப்பட்டேன். இடது காதோரம் ஏதோ ஊர்கிறது. எறும்பா? எறும்பு இல்லை. வியர்வை காய்கிறது. இடது பக்கம்.

மணி அடித்துவிட்டார்கள். அமைதி. கபூர் பாய் திருகின்மேல் கையை வைத்திருக்கிறார். லூர்து முழங்கால் தண்ணீரிலிருந்து கரையேறி வருகிறாள், சேலை சொட்டச் சொட்ட. எழிலுக்குக் கடைசியாக ஊசி சரி பார்த்துவிட்டு வருகிறாள். என் பக்கத்தில் வந்து நிற்கிறாள். மூச்சு வாங்குகிறது. "திரும்பிடுச்சாடி?" என்கிறாள் உதட்டால் மட்டும். நான் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டுகிறேன். அவள் ஏரியைப் பார்க்கிறாள், முதலாளி குடைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறாள், பிறகு குனிந்து என் காலைப் பார்க்கிறாள். காலையா, காயையா? எனக்குப் புரிந்துவிட்டது. ஐயோ இது என்ன வேலை, இது பாவம், நாற்பத்தொரு வருஷம் இந்தக் காய்க்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டவள் நான், முறை தவறி உடைத்தால் யார் தலையில் விடியுமோ, என் பேத்திக்குப் போன வாரம்தான் காய்ச்சல் இறங்கியது. "லூர்து, வேணாம்டி" என்கிறது என் வாய், சத்தமில்லாமல். "உனக்கு நம்பிக்கை இருக்கு, நீ தொடாத. எனக்குக் கிடையாது. கர்த்தர் மன்னிப்பாரு. மன்னிக்கலைன்னா ஞாயித்துக்கிழமை பேசிக்கிறேன்." கபூர் பாய் இடது கையைத் தூக்கி ரெடி என்கிறார். சவுண்டு ஓடுகிறது, கேமரா ஓடுகிறது. நான் காலை நகர்த்திக்கொள்கிறேன். அவ்வளவுதான் நான் செய்தது. காய் அரை சுற்று உருண்டு நேரே அவள் கையில். முப்பத்திரண்டு வருஷம் பார்த்தவள் இல்லையா, முறையில் ஒன்றையும் விடவில்லை, அரைகுறையாக உடைத்தால் செல்லாது என்று சொல்லிவிடுவார்கள் என்று தெரியும் அவளுக்கு. குங்குமத்தை அள்ளி அப்பினாள், கற்பூரத்தை வைத்து ஏற்றினாள், கேமராவைப் பார்த்து மூன்று சுற்று. கற்பூரச் சுடர் மேற்கே சாய்ந்து, எழிலைப் பார்த்துச் சாய்ந்து, நாக்கை நீட்டிக்கொண்டு எரிந்தது. நான் பார்த்தேன். கபூர் பாயும் பார்த்தார். டைரக்டர் வாய் "ஆ" என்று ஆரம்பிக்கிறது, மீதி வார்த்தை வருகிறதுக்குள் கரையில் கிடந்த டிராலி தண்டவாளத்து இரும்பில் ஓங்கிப் போட்டாள். படார்.

ஏரி முழுக்கக் கேட்டது. நாரைகள் அத்தனையும் எழும்பின. அப்போதும் கட் சொல்லவில்லை, கேமரா ஓடிக்கொண்டிருந்தது. என் வாய் திறந்தது, ராஜாமணிக்காக வைத்திருந்த இடத்திலிருந்து, "பூசணிக்கா ஒடைஞ்சிருச்சூ!" என்று ஒரு அலறல். இனிமையாக இல்லை. நூறு பெண்களும் பையைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார்கள், பழக்கம், கை தானாகத் தட்டிற்று. லைட்காரர்கள் தட்டினார்கள். ஒருத்தர் ஒயரைச் சுருட்டவே ஆரம்பித்துவிட்டார். கபூர் பாய் திருகை இறுக்கி மூடினார், அந்தக் கை அதற்காகவே காத்திருந்த மாதிரி. டைரக்டர் தொப்பியைத் தண்ணீரில் அடித்தார். "இது செல்லாது! கடைசி ஷாட்டே எடுக்கல! வேற காய் வாங்கிட்டு வாங்கடா! அந்தம்மாவை யாரு..." என்கிறார். முதலாளி எழுந்து வந்து, தண்டவாளத்தில் சிதறிக் கிடக்கிற சதையைப் பார்க்கிறார், விதையைப் பார்க்கிறார், இன்னும் ஒரு துண்டில் எரிகிற கற்பூரத்தைப் பார்க்கிறார். "சுத்திதான் ஒடைச்சாங்களா?" என்கிறார் என்னிடம். "மூணு சுத்து, முறையா" என்கிறேன். "அவங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்களாச்சே, செல்லுமா?" "கற்பூரத்துக்கு என்னங்க தெரியும்?" என்கிறேன். டைரக்டர், "சார், பத்து நிமிஷம் சார், லைட் இருக்கு சார், ஒரே ஷாட்" என்கிறார். முதலாளி நெற்றியைப் பிடித்துக்கொள்கிறார். ஒரு பக்கம் கோயில் மணி, ஒரு பக்கம் மஞ்சள் வெயில். செல்லும் என்கிறார் ஒருத்தர், செல்லாது என்கிறார் ஒருத்தர், பஞ்சாயத்துக் கூடிவிட்டது. ஐயோ, அவர் தலை லேசாக டைரக்டர் பக்கம் அசைகிறதே, எடுத்துவிடுவார்களோ, லூர்து எங்கே, திட்டு வாங்கப் பயந்து ஓடிவிட்டாளா என்று திரும்பிப் பார்க்கிறேன்.

ஓடவில்லை. பஞ்சாயத்தில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவள் மறுபடியும் தண்ணீருக்குள் இறங்கி, மரத்துக்கு நடுவில், எழிலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறாள். ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிப் பல்லில் கடித்துக்கொள்கிறாள். ஒரு சவுரி கழன்று கிளையில் தொங்குகிறது. இன்னொன்று. அதைத் திரும்ப வைத்துக் கட்ட ஆறு மணி நேரம் ஆகும், மஞ்சள் வெயில் இருக்கப்போவது இன்னும் கால் மணி நேரம்தான். "அக்கா, என் கண்ணு..." என்று எழில் அழுகிறது இங்கே கேட்கிறது. லூர்துவுக்கு வாயெல்லாம் ஊசி. பத்தாவது சவுரியும் போனதும் எழில் தலையை மெதுவாகத் திருப்பி, காலையிலிருந்து முதல் தடவையாகத் தன் முதுகுக்குப் பின்னால் கிடக்கிற கோரையைப் பார்க்கிறாள். கோரை முழுவதும் அவளைப் பார்த்துப் படுத்திருக்கிறது. அழுகை நின்றுவிட்டது. லூர்து தன் மணிக்கட்டில் கிடந்த ரப்பர் பேண்டைக் கழற்றி, எழிலுடைய சொந்த முடியை, ஒரு சாண் முடியை, இரண்டு கையாலும் கோதி எடுத்து, இறுக்கிக் கட்டிவிடுகிறாள்.